யுவனேஸ்வரி டாக்டரிடம் கேட்டது

1

இந்தக் கதை என் வீட்டு வாசலுக்கு இரண்டு முட்டைக்கோஸ்களோடு வந்தது. ஒரு சனிக்கிழமை காலை, யுவனேஸ்வரி அவற்றை என் கையில் திணித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"டீச்சர், நீங்க பேப்பர்ல கதை எழுதுறீங்களாமே. எங்க கதைய எழுதுங்க லா."

எழுதுகிறவர்களுக்கு இது பழகிய வேண்டுகோள். சிரித்துச் சமாளிப்பதற்கென்றே என்னிடம் ஒரு சிரிப்பு உண்டு. அதைச் சிரித்தபடி, என்ன கதை என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரரோட புரோஸ்டேட் கதை."

ஒரு கோஸ் கையிலிருந்து நழுவிப் படியில் உருண்டது.

நான் கிள்ளானிலிருந்து மாற்றலாகி வந்து, மலேசியாவின் கேமரன் மலையில் உள்ள இந்தத் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்துகிறவள். யுவனேஸ்வரி பக்கத்து ஊரான திரிங்காப்பில் ஒரு பூத்தோட்டத்தில் பூ கட்டி அட்டைப் பெட்டியில் அடுக்குகிற வேலை பார்க்கிறாள். கணவர் புனிதன் எங்கள் தோட்டத்து லாரி டிரைவர். தொழிற்சாலையில் பொட்டலமாகும் தேயிலையை மலைக்குக் கீழே ஈப்போ நகரத்துக்கு இறக்குவது அவர்தான்.

"அவருக்குத் தெரியுமா, நீ இதச் சொல்றது?"

"அவருதான் கூட்டிட்டு வந்தாரு. வெக்கம் டீச்சர். அங்க உக்காந்திருக்காரு பாருங்க."

எட்டிப் பார்த்தேன். வளைவில் லாரி நின்றது. உள்ளே ஒரு மனிதர், வாழ்க்கையில் முதன்முறையாகத் தேயிலைச் செடியைப் பார்ப்பவர்போல, எதிர்ப்பக்கச் சரிவை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேர மாத்த வேணாம்னு சொல்லிட்டாரு. பேர மாத்துனா திருட்டு வேல மாதிரி இருக்கும்னாரு."

ஆகவே இவை உண்மைப் பெயர்கள். (கதைக்குள் உண்மை. அதற்கு வெளியே என்னைக் கேட்காதீர்கள்.)

2

முதல் தொடக்கம்: "பனி இறங்கிய தேயிலைச் சரிவின் ஓரமாய் ஒரு லாரி நின்றிருந்தது. அதன் மறைவில் ஒரு மனிதன், தன் உடம்போடு தனியாகப்"

நிறுத்திவிட்டேன். கேமரன் மலையைப் பற்றி எழுதினால் பனி தானாக இறங்கிவிடுகிறது. புனிதனின் சிறுநீருக்கும் பனிக்கும் சம்பந்தமில்லை.

இரண்டாம் தொடக்கம்: "அறுபதை நெருங்கும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் புரோஸ்டேட் சுரப்பி பெருத்துவிடுகிறது. இது புற்றுநோய் அல்ல. ஆனால்"

உண்மைதான். கிளினிக் சுவரில் ஒட்டலாம்.

இரண்டையும் யுவனேஸ்வரியிடம் படித்துக் காட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அவரு ஹால்ல படுக்கப் போன நாள்லேருந்து ஆரம்பிங்க டீச்சர். எனக்கு அங்கதான் ஆரம்பிச்சிச்சு."

3

அவர் ஹாலில் படுக்கப் போனார்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய அவர்களுடைய கல்யாணம் தெரிய வேண்டும். புனிதனின் முதல் மனைவி மனம் ஒட்டாமல் பிரிந்து போய்ப் பல வருடங்கள். யுவனேஸ்வரி இளம் வயதிலேயே கணவனை இழந்தவள். திரிங்காப்பில் லாரி பழுதாகி நின்ற ஒரு மத்தியானம் பேச ஆரம்பித்தவர்கள், அவருக்கு ஐம்பத்து நான்கும் அவளுக்கு நாற்பத்து மூன்றும் ஆனபோது தோட்டத்துக் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள். லயத்து வீடுகளில் சிரித்தவர்கள் உண்டு. 'வயசான காலத்துல ஒரு துணை' என்று பெரியமனது பண்ணியவர்களும் உண்டு.

"துணைக்கா டீச்சர் கட்டிக்கிட்டேன்? துணைக்கு டிவி இருக்கு. ஆசப்பட்டுக் கட்டிக்கிட்டேன்."

ஆசைப்பட்டுத்தான் இருவரும் வாழ்ந்தார்கள். பிறகு புனிதன் அடிக்கடி எழ ஆரம்பித்தார். அவசரமாகப் போவார், சொட்டுச் சொட்டாக வரும், வந்து படுப்பார், மறுபடி எழுவார். ஈப்போ போகிற மலைப்பாதையில் அவர் லாரி நிற்காத வளைவில்லை என்று ஆகிவிட்டது. டவுன் கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். நீர் கொஞ்சம் இளகியது. ஆனால் மாத்திரையோடு வேறொன்றும் வந்தது. மனைவியோடு இருக்கையில், எல்லாம் முடிகிற இடத்தில், ஒன்றும் வெளியே வரவில்லை.

(சில மாத்திரைகள் அப்படிச் செய்யும், நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இது பிறகு டாக்டர் சொன்னது. அப்போது புனிதனுக்குத் தெரியாது. அவர் யாரையும் கேட்கவும் இல்லை.)

தன் ஆண்மை தீர்ந்துவிட்டது என்று அவர் முடிவு கட்டினார். "நான் எந்திரிச்சு எந்திரிச்சு உன் தூக்கம் கெடுது" என்று சொல்லி, பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனார். தன்மீது அவருக்குச் சலித்துவிட்டது என்று அவள் முடிவு கட்டினாள். ஒரே வீட்டில் இரண்டு தப்பான முடிவுகள், நடுவில் ஒரு சுவர்.

4

மழைக்காலத்தில் புனிதனுக்குச் சளி பிடித்தது. கம்போங் ராஜாவில் ஒரு கடையில் மூக்கடைப்பு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு லாரியை எடுத்தார். சிம்பாங் பூலாய் இறக்கத்தில் அடிவயிறு கல்லாக இறுகியது. இறங்கி நின்றார். ஒரு சொட்டு வரவில்லை. ஏறினார், ஓட்டினார், இறங்கினார். இல்லை. வலியில் ஸ்டியரிங்கைக் கடித்ததாகச் சொன்னார். பின்னால் வந்த காய்கறி லாரிக்காரர்தான் அவரைத் தன் லாரியில் ஏற்றி ஈப்போவில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டார்.

மூக்கடைப்பு மாத்திரை, ஏற்கெனவே குறுகியிருந்த வழியை முழுதாக இறுக்கிவிட்டது. குழாய் போட்டு நீரை எடுத்தார்கள். அந்த நிமிடத்தைப் பற்றிப் புனிதன் என்னிடம் நேரடியாகப் பேசிய ஒரே வாக்கியம்: "டீச்சர், சாமிய நேர்ல பாத்த மாதிரி இருந்துச்சு."

காலோடு கட்டிய பையும் குழாயுமாக வீட்டுக்கு வந்தார். சுரப்பியை உட்பக்கமாகச் சுரண்டி எடுத்து வழியை அகலமாக்கும் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துக்கொண்டு வந்திருந்தார். பழகிய, நம்பகமான சிகிச்சை. யாரும் அவரை ஏமாற்றவில்லை, பின்விளைவையும் சொன்னார்கள். கேள்வி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டார்.

5

பக்கத்து வீட்டு ராமையாவுக்கு அதே சிகிச்சை நடந்திருந்தது. "செஞ்சிக்க லா. இப்ப எனக்கு எப்பிடிப் போவுது தெரியுமா? பைப்பு மாதிரி" என்று புனிதனுக்குத் தைரியம் சொன்னார்.

அவர் மனைவி மணியம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். யுவனேஸ்வரி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அக்கா, மத்ததெல்லாம்?"

மணியம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். "ஒன்னுக்கு நல்லாத்தான் போறாரு. ஆனா அந்த நேரத்துல ஒன்னும் வெளிய வரலியாம். அதோட மனசு விட்டுப்போச்சு. என்னைத் தொடுறதே இல்ல. முன்னாடியே கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. யாரு கேப்பா?"

யுவனேஸ்வரி வீட்டுக்கு வந்தாள். புனிதன் சமையலறையில் கொப்பி ஓ கலக்கிக்கொண்டிருந்தார். (பால் இல்லாக் கருங்காப்பி. தேயிலை லாரி ஓட்டுகிறவர் வீட்டில் தேநீர் குடிப்பதில்லை.)

"இந்த ஓப்பரேசன் செஞ்சா என்னாகும்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சா சரின்னு வந்தீங்க?"

"ஏற்கெனவே போனதுதான். இனிமே என்ன? இந்த வயசுல ஒன்னுக்கு ஒழுங்கா போனா போதும் யுவா. எனக்கு அதெல்லாம் வேணாம்."

"உங்களுக்கு வேணாம்னு நீங்க சொல்லுங்க. எனக்கு வேணாம்னு நீங்க சொல்லாதீங்க."

புனிதன் கரண்டியை வைத்துவிட்டார். அவள் மேலே பேசினாள். என்மேல சலிச்சுப்போச்சுன்னு நெனச்சேன், ஹால்ல போய்ப் படுத்தீங்களே, அந்த நாள்லேருந்து நான் கண்ணாடிகூட ஒழுங்காப் பாக்கல, என்றாள். அப்போதுதான் அவர் மாத்திரை விஷயத்தைச் சொன்னார். சுவரைப் பார்த்துக்கொண்டு, முழுதாக, முதல்முறையாக.

"அலாமாக்," என்றாள் யுவனேஸ்வரி. "இதுக்கா? இதுக்கா ஹால்ல படுத்தீங்க?"

6

இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

வாசகர்கள் நம்புவார்களா? தோட்டத்துப் பெண் கணவனிடம் இப்படிப் பேசுவாளா என்று யாராவது கடிதம் போடுவார்கள். பயந்துபோய் இன்னொரு பிரதி எழுதினேன். அதில், "முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, எல்லாம் என் தலையெழுத்து என்று யுவனேஸ்வரி விசும்பி"

அதைப் படித்துவிட்டு அவள் கேட்டாள்: "நான் எப்ப டீச்சர் அழுதேன்? இது வேற யாரோ."

இன்னொரு சிக்கல், சொல். அவர்கள் இழக்க இருந்ததை என்னவென்று எழுதுவது? 'தாம்பத்தியம்' என்று எழுதினேன். யுவனேஸ்வரி சிரித்துவிட்டாள், மேடையில் வாழ்த்துரை வழங்குபவர் நினைவுக்கு வருகிறார் என்றாள். 'உடலுறவு' என்றேன். அது போலீஸ் செய்தி. மற்ற சொற்கள் லாரி ஸ்டாண்டில் கிடைக்கும். ஆனால் அவற்றை வைத்து மனைவியிடம் பேச முடியாது. இத்தனை பெரிய மொழியில், ஒரு வீட்டின் சமையலறையில் சாதாரணமாகச் சொல்லும்படி ஒரு சொல் எனக்கு அகப்படவில்லை. அகப்படாமலேதான் அடுத்த பகுதியை எழுதுகிறேன்.

7

குறித்த நாளைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டு, பையும் குழாயுமாக ஈப்போவில் இன்னொரு மருத்துவரிடம் போனார்கள். (பணத்துக்கு என்ன செய்தார்கள் என்று எழுதப்போவதில்லை. சமாளித்தார்கள்.)

சிறுநீரக மருத்துவர் ராதாகிருஷ்ணன். நெற்றியில் திருநீறு. அங்கேயே யுவனேஸ்வரிக்குப் பாதி தைரியம் போய்விட்டது. "சீன டாக்டரா இருந்தா மலாய்ல டக்குனு கேட்டிருப்பேன் டீச்சர். மலாய்ல வெக்கம் வராது. இவரு எங்க பெரிய மாமா மாதிரியே இருந்தாரு."

டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார், விளக்கினார், ஏதாவது கேட்கணுமா என்றார். புனிதன் இல்லை என்று தலையாட்டி எழுந்தே விட்டார்.

"டாக்டர்," என்றாள் யுவனேஸ்வரி. "ஓப்பரேசன் செஞ்சா அவருக்கு... அது..."

"எதும்மா?"

புனிதன் சுவரில் இருந்த சிறுநீரகப் படத்தை, அதில் யாரோ தெரிந்தவர் இருப்பதுபோல் பார்த்தார்.

"நாங்க புருசன் பொண்டாட்டியா இருக்கிறது டாக்டர். கல்யாணமாகி ரொம்ப நாளாவல. அது போயிடுமா? அவரு கேக்க மாட்டாரு. எனக்கு அது வேணும்."

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். "இந்தக் கேள்விய ஆம்பளைங்க கதவு வரைக்கும் போயி, திரும்பி வந்து, காதுல கேப்பாங்க. சில பேரு கேக்காமலே போயிடுவாங்க. இதக் கேட்டதுக்கு நன்றிம்மா. உக்காருங்க சார். நீங்களும் உக்காருங்க. ஒழுங்காப் பேசுவோம்."

ஒழுங்காகப் பேசினார்கள். சுரண்டி எடுப்பதில் நீர் போவது மற்ற எதையும்விட நன்றாகச் சரியாகும் என்றார். ஆனால் பெரும்பாலோருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். "கெடுதல் ஒன்னும் இல்ல. அப்புறமா ஒன்னுக்கோட போயிடும். ஆசையும் விறைப்பும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். ஆனா முன்னாலயே தெரியலன்னா மனுசன் பயந்துடறான்."

"வேற வழி இருக்கா?"

"இருக்கு. கிளிப் மாதிரி ஒன்னு வெச்சு, வழிய அடைக்கிற சதைய ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டலாம்."

"ஜன்னல் சீலைய ஒதுக்கிக் கட்டுற மாதிரி," என்றாள் யுவனேஸ்வரி.

"அதேதான். வெட்டு இல்ல, சீக்கிரம் தேறிடலாம். நீங்க கேட்ட விஷயத்துக்கும் பங்கம் வராது. ஆனா இவருக்கு நடுவுல ஒரு சதை மேல துருத்திட்டு இருக்கு பாருங்க. ஓரத்தக் கட்டலாம், நடுவுல நிக்கிறத எங்க கட்டுறது? எனக்கு அது அவ்வளவு நம்பிக்கையா இல்ல."

மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, சுரப்பிக்குப் போகிற ரத்த ஓட்டத்தை அடைத்துச் சுருங்க வைக்கிற முறையையும் சொன்னார். மெதுவாகத்தான் பலன் தெரியும், பெரிய சுரப்பிகளுக்கும் செய்யலாம். ரோபோவை வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சிச் செதுக்குவது உண்டு. மயக்க மருந்து வேண்டும், பலன் நல்லது, ஆனால் சிலருக்கு விந்து நின்றுவிடும். கடைசியாக நீராவி.

"நீராவியா?" புனிதன் முதன்முறையாக வாயைத் திறந்தார். "நான் என்ன இட்லியா டாக்டர்?"

"சின்ன ஊசி வழியா அந்தச் சதைக்குள்ள நீராவி விடுவோம். அது செத்து, கொஞ்சங் கொஞ்சமா உடம்பே அத எடுத்துக்கும். நடுச் சதைக்கும் செய்யலாம். பெரும்பாலான பேருக்கு எல்லாம் பழையபடி இருக்கும். ஆனா நான் மறைக்கல. மொதல்ல எரியும், ரத்தம் வரும். குழாய் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும். பலன் தெரிய வாரக்கணக்காவும். சுரண்டி எடுக்கிற அளவுக்கு வேகமாப் போவாது. சில பேருக்குப் பின்னால மறுபடி செய்யணும். நூத்துக்கு நூறுன்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க."

யுவனேஸ்வரி கணவனைப் பார்த்தாள். அவர் டாக்டரைப் பார்த்துச் சொன்னார்: "ஆவியே விடுங்க."

8

வெற்றிக் கதை என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நடுவில் இப்படி நடந்தது.

சிகிச்சை ஒரு காலையில் முடிந்தது. அதற்குப் பிறகுதான் எரிச்சல். பையில் சிவப்பாக இறங்குவதைப் பார்த்து ராமையா, "நான் சொன்னதக் கேட்டிருக்கலாம் லா" என்றார். குழாயை எடுக்கிற நாளில் புனிதன் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீராகக் குடித்தார். வயிறு நிரம்பியது. ஒன்றும் வரவில்லை. மறுபடி குழாயைப் போட்டார்கள். வீக்கம் வடியவில்லை, சிலருக்கு இப்படி ஆகும், பொறுங்கள் என்றார் டாக்டர்.

மலையேறும்போது காரை அவர்தான் ஓட்டினார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். தன் ஆசைக்காக ஒரு மனிதனை இந்தப் பாடு படுத்திவிட்டோமோ என்ற பயம் அவளுக்கு அப்போதுதான் வந்தது.

"நான் கேட்டிருக்கக் கூடாதுங்க," என்றாள்.

புனிதன் காரை ஓரம் கட்டினார். அவசரம் எதுவும் இல்லாமல், இந்தப் பேச்சுக்காகவே அந்தப் பாதையில் நிறுத்தினார்.

"இத பாரு. என் உடம்ப யாரும் இப்பிடி வேணும்னு கேட்டதில்ல யுவா. டாக்டருக்கு முன்னால, சத்தமா. நான் அந்தப் படத்தப் பாத்துட்டு இருந்தேன்ல? கண்ணுல தண்ணி வந்துருச்சு, அதான் திரும்பல. குழாய் இன்னும் ஒரு வருசம் இருந்தாலும் பரவால்ல. நீ கேட்டது எனக்கும் சேத்துத்தான்."

அன்றைக்கு அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு அறைக்குத் திரும்பினார். குழாயோடும் பையோடும்.

9

குழாயை எடுக்கும் இரண்டாம் முறை.

தண்ணீர் குடித்தார். நடந்தார். மறுபடி குடித்தார். கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே யுவனேஸ்வரி நின்றாள். வரிசையில் ஒரு சீனத் தாத்தாவும், ஒரு மலாய்க்காரரும் அவர் மனைவியும். யாரும் ஒன்றும் கேட்காததுபோல் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சின்னச் சத்தம். நின்றது. மறுபடி. பிறகு அது நிற்கவில்லை.

"யுவா! வருது லா!" உள்ளேயிருந்து குரல் முழங்கியது. "நிக்காம வருது!"

சீனத் தாத்தாவுக்குத் தமிழ் தெரியாது. கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். மலாய்க்கார அம்மா "அல்ஹம்துலில்லா" என்றார். யுவனேஸ்வரி அந்த நடையில் நின்று கைதட்டினாள். புனிதன் வெளியே வந்தபோது, தேர்தலில் ஜெயித்தவரைப்போல எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டாராம்.

வாரங்கள் போகப் போக வழி இன்னும் அகன்றது. மாத்திரையை நிறுத்தச் சொன்னார் டாக்டர். லாரி மறுபடி ஈப்போ இறங்கியது. எந்த வளைவிலும் நிற்காமல். ராமையாவைப்போல் பைப்பு மாதிரி இல்லை, ஆனால் போதும் என்றார் புனிதன்.

மற்றது?

நான் கேட்கவில்லை. யுவனேஸ்வரியே ஒரு மாலை பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நின்று சொன்னாள்: "எல்லாம் சரியாயிடுச்சு டீச்சர்."

"எல்லாமுமா?"

"எல்லாமும்." சொல்லிவிட்டு, பள்ளிப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தாள்.

அதோடு முடியவில்லை. டாக்டர் சொன்னதைப் புனிதன் லாரியில் வைத்து ராமையாவிடம் சொல்லியிருக்கிறார்: வெளியே வரவில்லை என்றால் ஆண்மை போய்விட்டது என்று அர்த்தமில்லை, போகிற இடம்தான் மாறியிருக்கிறது. சில நாள் கழித்து மணியம்மா யுவனேஸ்வரியை வழிமறித்தார். "உன் புருசன் எங்க ஆளுகிட்ட என்னடி சொன்னாரு?" என்று கேட்டாராம். முகத்தில் கோபத்தின் சாயல்கூட இல்லையாம்.

10

முடிவுக்கு வந்துவிட்டேன். மூன்று வைத்திருந்தேன்.

ஒன்று: யுவனேஸ்வரி கர்ப்பமாகிறாள். இதை அவளே அடித்துவிட்டாள். "புள்ளைக்காகவா கேட்டேன்? அப்பிடி எழுதுனா அதுக்காகத்தான் கேட்டேன்னு ஆயிடும். எனக்காகக் கேட்டேன் டீச்சர்."

இரண்டு: சில வருடங்கள் கழித்துத் தொல்லை திரும்புகிறது, மறுபடி ஈப்போ. டாக்டர் மறைக்காமல் சொன்னது என்பதால் இதை எழுதிப் பார்த்தேன். புனிதன் படித்துவிட்டு, "வந்தா பாத்துக்கலாம், இப்பவே எதுக்கு எறக்கி வைக்கிறீங்க" என்றார்.

மூன்று: அறைக் கதவு சாத்தப்படுகிறது, விளக்கு அணைகிறது, வெளியே தேயிலைச் சரிவில் மெல்லப் பனி

இல்லை. அது அவர்களுடைய அறை. எனக்கு அங்கே வேலையில்லை.

ஆகவே முடிவு உங்களிடம் வருகிறது. அலங்காரமாகச் சொல்லவில்லை. ஐம்பது தாண்டிய ஆண் இருக்கும் வீட்டில் இதை வாசிக்கிறீர்களானால், இந்த நேரத்தில் அவர் கழிவறைக்குள் வெகுநேரமாக நின்றுகொண்டிருக்கலாம். அல்லது அவர் நீங்களாகவே இருக்கலாம். இதை வாசித்துக்கொண்டிருப்பதே உள்ளேதான் என்றும் இருக்கலாம். எந்தச் சிகிச்சை என்று நான் சொல்ல முடியாது. ஒருவருக்கு ஏற்றது இன்னொருவருக்கு ஏற்காது. அதை ஸ்கேன் பார்த்து டாக்டர் சொல்லட்டும். ஆனால் டாக்டரிடம் போகும்முன் வீட்டில் ஒரு பேச்சு நடக்க வேண்டும். என்ன வேண்டும், யாருக்கு வேண்டும் என்று.

பத்திரிகையை மடித்துவையுங்கள். கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தால் தட்டிக் கேளுங்கள். அந்தப் பக்கம் இருந்தால் திறந்துகொண்டு வந்து சொல்லுங்கள்.

நீங்கள் சொல்கிற முதல் வாக்கியம்தான் இந்தக் கதையின் கடைசி வாக்கியம். அதை நான் எழுத முடியாது.